நாற்பது வயது வரை காத்திருக்கச் சொன்னார்கள்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

போன வாரம் என் மகள் 'எலிசபெத் இஸ் மிஸ்ஸிங்' என்ற ஆங்கிலப் படத்தைப் போட்டுக் காட்டினாள். ஞாபகம் தப்பிக்கொண்டே போகும் ஒரு பாட்டி, காணாமல் போன தன் தோழியைத் தேடுகிறார். மறந்துவிடக் கூடாதென்று துண்டுச் சீட்டுகளில் எழுதி வைத்துக்கொள்கிறார். எனக்கு என் மாமியாரின் கடைசிக் காலத்தை நேரில் பார்ப்பது போல் இருந்தது. யார் இந்த அம்மா என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இரண்டு நாள் அதிலேயே போய்விட்டது.

அவர் பெயர் கிளெண்டா ஜாக்சன். 1936 மே 9 அன்று இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட் நகரில் பிறந்தவர். லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் இருக்கும் துறைமுக ஊர் அது. அப்பா கொத்தனார். அம்மா வீடுகளைச் சுத்தம் செய்தும் கடையில் நின்றும் சம்பாதித்தவர். நான்கு பெண்களில் கிளெண்டா மூத்தவர். ஹாலிவுட் நடிகை கிளெண்டா ஃபேரலின் நினைவாக அந்தப் பெயரை வைத்தார்கள்.

படிப்பில் பெரிதாகச் சோபிக்கவில்லை. பள்ளியை விட்டு வந்து மருந்துக்கடை ஒன்றில் இரண்டு வருடம் வேலை பார்த்தார். பொழுதுபோக்காக உள்ளூர் நாடகக் குழுவில் சேர்ந்தவருக்கு, 1954-ல் லண்டனின் 'ராடா' நாடகக் கல்லூரியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது.

அந்தக் கல்லூரி முதல்வர் அவரிடம், "நீ குணச்சித்திர வேடத்துக்குத்தான் சரிப்படுவாய். நாற்பது வயதுக்கு முன் பெரிதாக வேலை எதிர்பார்க்காதே" என்ற பொருளில் சொன்னாராம். கிளெண்டாவே பின்னாளில் பலமுறை இதைக் கூறியிருக்கிறார். அன்றைய கதாநாயகிக்கு இருந்த அளவுகோல் வேறு. இவருக்குக் கூர்மையான முகம், கனத்த குரல். முதல்வர் சொன்னது பலிப்பது போலத்தான் முதலில் இருந்தது. சிறு நாடகங்கள், இடையிடையே வேலையில்லாத நீண்ட மாதங்கள், வயிற்றுப்பாட்டுக்குக் கிடைத்த சில்லறை வேலைகள்.

1964-ல்தான் வழி திறந்தது. பிற்பாடு மகாபாரதத்தை மேடையேற்றிய பீட்டர் புரூக்கை உங்களில் சிலர் அறிந்திருக்கலாம். அவர் ராயல் ஷேக்ஸ்பியர் குழுவில் 'மாரா/சாட்' நாடகத்தை இயக்கியபோது, மாராவைக் கொலை செய்யும் சார்லட் கோர்டே வேடத்தை இவருக்குக் கொடுத்தார். நாடகம் நியூயார்க் வரை போனது. பிறகு கென் ரஸ்ஸலின் 'விமன் இன் லவ்' படம். அதற்காக 1971-ல் ஆஸ்கர் விருது. அப்போது வயது 34. 'எ டச் ஆஃப் கிளாஸ்' படத்துக்காக 1974-ல் இரண்டாவது ஆஸ்கர். வயது 37. நாற்பது வரை வேலை கிடைக்காது என்று சொல்லப்பட்ட பெண் இவர்தான்.

விருது வாங்க இரண்டு முறையும் அவர் போகவில்லை. சிலைகளை அம்மாவிடம் கொடுத்து வைத்தார். அம்மா துடைத்துத் துடைத்தே தங்க முலாம் போய்விட்டது என்று வேடிக்கையாகச் சொல்வார்.

1971-ல் பிபிசியின் 'எலிசபெத் ஆர்' தொடரில் முதலாம் எலிசபெத் ராணியாக, இளம் வயது முதல் மரணம் வரை, ஆறு பகுதிகளில் நடித்தார். அதற்காக முன்தலை முடியை நிஜமாகவே மழித்துக்கொண்டார். அழகாகத் தெரிய வேண்டும் என்ற கவலை அவருக்கு இல்லை.

இனிமேல்தான் அதிசயம். 1992-ல், 55 வயதில், நடிப்பை விட்டுவிட்டுத் தேர்தலில் நின்றார். லண்டனின் ஹாம்ஸ்டெட் அண்ட் ஹைகேட் தொகுதியைக் கன்சர்வேட்டிவ் கட்சியிடமிருந்து தொழிற்கட்சிக்காகக் கைப்பற்றினார். 23 வருடம் நாடாளுமன்ற உறுப்பினர். 1997 முதல் 1999 வரை போக்குவரத்துத் துறையில் இணை அமைச்சர். ஈராக் போர் வந்தபோது சொந்தக் கட்சிப் பிரதமர் டோனி பிளேரையே வெளிப்படையாக எதிர்த்தார். 2010 தேர்தலில் வெறும் 42 வாக்குகளில் ஜெயித்தார். உங்கள் ஒரு ஓட்டில் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்!

2013-ல் மார்கரெட் தாட்சர் இறந்தபோது அவையில் எல்லோரும் புகழ்ந்து பேச, இவர் எழுந்து தாட்சர் காலத்துப் பள்ளிக்கூடங்களைப் பற்றிப் பேசினார். பெயர்ந்த சுவர்ப் பூச்சைப் பிள்ளைகள் வரைந்த படங்களும் ஒட்டு நாடாவும்தான் தாங்கின, நூலக அலமாரிகள் காலியாகக் கிடந்தன என்றார். எதிர்த்தரப்பு கூச்சல் போட்டது. இறந்தவரைப் பற்றி அன்று அப்படிப் பேசியது சரியா என்று எனக்கே இரண்டு மனசு. ஆனால் ஓட்டைக் கூரைக்குக் கீழ் பாடம் நடத்தியவள் நான். அந்தச் சுவர் எனக்குத் தெரியும்.

2015-ல் அரசியலிலிருந்து ஓய்வு பெற்றார். அடுத்த வருடமே, 80 வயதில், லண்டன் ஓல்ட் விக் அரங்கில் ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' நாடகத்தில் லியர் மன்னராக நின்றார். ராணியாக மாற்றி அல்ல, மன்னராகவே. 25 வருடம் மேடை ஏறாதவர்! 2018-ல் நியூயார்க்கில் 'த்ரீ டால் விமன்' நாடகத்துக்கு டோனி விருது. நான் பார்த்த அந்தப் பாட்டி வேடத்துக்கு 2020-ல் பாஃப்டா விருது. கடைசியாக மைக்கேல் கெய்னுடன் ஒரு படத்தில் நடித்து முடித்துவிட்டு, 2023 ஜூன் 15 அன்று 87 வயதில் காலமானார். படம் அதன் பிறகுதான் வெளிவந்தது.

இப்போது நான் சொல்ல வந்தது. பல வருடங்களுக்கு முன் நம் பள்ளி ஆண்டு விழாவில் ஒரு ராணி நாடகம் போட்டேன். வசனத்தை ஒரு பிசிறில்லாமல் கணீரென்று சொன்னவள் ஒரு பெண். நான் ராணி வேடத்தைக் கொடுத்ததோ சிவப்பாக, லட்சணமாக இருந்த வேறொருத்திக்கு. "உனக்கு இந்த வேஷம் எடுக்காதும்மா" என்று சொல்லி, முதலாமவளைத் திரை இழுக்க நிறுத்தினேன். விழா அன்று ராணிக்கு வசனம் மறந்துபோனபோது, திரைக்குப் பின்னாலிருந்து அடியெடுத்துக் கொடுத்தவளும் அவள்தான். அதற்காக அவளைப் பாராட்டக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அந்த முதல்வரின் பேச்சைப் படித்தபோது அவர் மீது கோபம் வந்தது. அடுத்த நொடியே இந்தப் பெண்ணின் முகம் வந்தது. கிளெண்டா அந்தப் பேச்சைத் தாண்டி வந்தார். என் பேச்சை அவள் எப்படி எடுத்துக்கொண்டாளோ!

அம்மா, நீ இதைப் படித்தால், தப்பு என்னுடையது. ஒரு போன் பண்ணு. உங்களில் யாருக்காவது அவளைத் தெரிந்தால் இந்தப் பதிவை அவளுக்கு அனுப்புங்கள். ஆசிரியர் வேலையில் இருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: இந்த வருட ஆண்டு விழாவுக்கு ஆள் எடுக்கும்போது, கண்ணை மூடிக்கொண்டு முதலில் குரலைக் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்