மிச்சச் சோறும் மூட்டைத் தீனியும்

பத்தாங் பெர்ஜுந்தை என்று பெரியவர்கள் இன்னமும் சொல்லும் பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் தென்னமரம் என்றொரு தோட்டம் இருக்கிறது. பேர்தான் தென்னமரம். ஆனால் இந்த நாட்டில் வணிகத்துக்காக முதன்முதலில் செம்பனை நட்ட இடம் அதுதான். நட்ட வருடம் 1917, நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பிறகு அவர் எழுதிய ‘மலேசி’ நாவலுக்கு 1930ல் கோன்கூர் பரிசு கிடைத்தது. கோல சிலாங்கூர்த் தோட்டங்களைப் பற்றி யார் எழுதினாலும் இந்த இரண்டு தகவலும் வந்துவிடும். மரத்துக்கு வரலாறு உண்டு, தொரைக்கு வரலாறு உண்டு. ரொம்பப் போராடி, பால் வெட்டிய ஆளுக்கும் கொஞ்சம் வரலாறு கிடைத்திருக்கிறது. லயத்து வாசலில் படுத்திருந்த நாய்க்கும் அடுப்படியில் சுருண்டிருந்த பூனைக்கும் மட்டும் நான் படித்த எந்தப் புத்தகத்திலும் ஓரிரு வரிக்கு மேல் இடமில்லை.

“நாய்க்கு என்னடா வரலாறு வேண்டிக் கெடக்கு?” என்று கேட்கலாம். எனக்கு அது முக்கியமாகப் படுவதற்குக் காரணம் உண்டு. ஒரு வீட்டில் நாய்க்கு என்ன விழுந்தது என்று தெரிந்தால் அந்த வீட்டில் என்ன மிஞ்சியது என்று தெரிந்துவிடும். சம்பளக் கணக்கை விட அது நம்பகமான கணக்கு. இன்றைக்குத் தாமானிலும் அடுக்குமாடியிலும் இருந்துகொண்டு, தீனி மூட்டையின் விலையைப் பார்த்துவிட்டுத் தயங்கி நிற்கும் நம் ஆட்களுக்கும் அந்தக் கணக்கோடு தொடர்பு இருக்கிறது. ‘நல்ல தீனி, ஆனா காசு கம்மியா இருக்கணும்’ என்ற கேள்வி லயத்துக் காலத்திலிருந்தே நம்மோடு வருகிறது.

1920களின் கடைசியில் முக்கியமான ரப்பர் வட்டாரங்களில் தமிழ்த் தொழிலாளிக்கு நிர்ணயித்த நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் 1930ல் அது 40 காசு, 32 காசு என்று குறைந்தது. அரிசி வாங்கவே பெரும்பகுதி போய்விடும் கூலி அது. அந்த வீட்டில் நாய்க்கென்று தனியாக ஒன்றும் வாங்கியிருக்க முடியாது. கஞ்சித்தண்ணி, அடிப்பிடித்த சோறு, மீன் தலை, இவ்வளவுதான். எங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம் ஒரு பேச்சு உண்டு: “தொரை வீட்டு நாய்க்கு இருந்த மரியாத நமக்கு இருந்ததில்ல.” இதைக் கசப்பில் சொன்ன மிகை என்று ஒதுக்க முடியவில்லை. 1941ல் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிப் பரவிய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில், வெள்ளைக்காரத் தொரைக்கும் கிராணிகளுக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிப்போகும் உரிமையும் ஒன்று. சைக்கிளில் உட்கார்ந்திருக்கவே போராட வேண்டியிருந்த காலத்தில் பங்களா நாயின் தட்டு கண்ணை உறுத்தாமல் இருக்குமா?

அதற்குப் பிறகு வந்தது ஜப்பான்காரன் காலம். அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்குதான். தோட்டத்து ஆண்களை சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோனார்கள். அது முடிந்து மூச்சு விடுவதற்குள் 1948ல் அவசரகாலம். கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்பதற்காக அரிசியை அளந்து கொடுத்தார்கள். சில இடங்களில் சமைத்த சோறாகவே கொடுத்தார்கள். சோறு சீக்கிரம் கெட்டுவிடும், காட்டுக்குக் கடத்த முடியாது. கடைக்காரர் டின் உணவை விற்கும்போதே அதில் ஓட்டை போட்டுத் தர வேண்டும் என்றும் விதி இருந்தது. பதுக்கி வைக்க வழியில்லாதபடி உணவின் ஆயுளையே ஒரு நாளுக்குள் சுருக்கியிருக்கிறார்கள். அப்படி எண்ணி வந்த சோற்றிலிருந்து நாய்க்கு ஒரு கை போட்டிருந்தால் அது மிச்சத்திலிருந்து போட்டது கிடையாது. பங்கிலிருந்து போட்டது. மலாயாவில் வெறிநாய்க்கடி நோயைக் கட்டுப்படுத்த நாய்களுக்குக் கட்டாயத் தடுப்பூசி போட்டதும் தெருநாய்களைக் கொன்றதும் இதே 1950களின் தொடக்கத்தில்தான். ஆக, அந்தக் காலத்து ஆவணங்களில் நாய் வருகிற இடம் பெரும்பாலும் சுடுவதற்கோ ஊசி போடுவதற்கோ ஆன இடம். அதற்குச் சோறு போட்டவர்கள் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை.

நிலைமை கொஞ்சம் தெளிந்த பிறகு எங்கள் வட்டாரத்து நாய்ப்பானை ஒரு வடிவத்துக்கு வந்தது. இங்கே அதற்கு வசதியும் இருந்தது. செகிஞ்சான், தஞ்சோங் காராங் பக்கம் நெல் விளைகிறது, அதனால் நொய் அரிசி மலிவு. கோல சிலாங்கூரில் ஆற்றுமுகத்து பாசிர் பெனாம்பாங்கில் மீன் வந்து இறங்குகிறது. விலை போகாத பொடி மீனுக்கு மலாய்க்காரர்கள் வைத்த பெயர் ஈக்கான் பாஜா. பாஜா என்றால் உரம். உரத்துக்குப் போகிற மீன் லயத்தில் நாய்க்கும் பூனைக்கும் ஆனது. நொய்யும் பொடி மீனும் ஒரே பானையில் வெந்தன. மாடு வைத்திருந்த வீட்டில் புண்ணாக்கு தனிக் கணக்கு. என் பாட்டி சொல்வார்: “மனுசனுக்கே பத்தல, சரிதான். அதுக்காக வாசல்ல கெடக்குற ஜீவனப் பாக்க வச்சிட்டுத் திங்க முடியுமா?”

மூட்டைத் தீனியின் கதை இதற்கு வெகு தூரத்தில் தொடங்கினாலும் அதுவும் மிச்சத்தின் கதைதான். 1860 வாக்கில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் இடிதாங்கி விற்க லண்டன் போனார். துறைமுகத்தில் கப்பல்காரர்கள் தூக்கிப்போட்ட காய்ந்த பிஸ்கட்டை நாய்கள் தின்பதைப் பார்த்து அவருக்கு யோசனை வந்தது என்று சொல்வார்கள். கோதுமை, காய்கறி, இறைச்சி சேர்த்த நாய் பிஸ்கட்டைச் செய்து பணக்காரர்களுக்கு விற்றார். அவர் கம்பெனியில் வேலை பார்த்த சார்லஸ் க்ரஃப்ட்தான் பின்னாளில், 1891ல், தன் பெயரில் நாய்க் கண்காட்சி தொடங்கியவர். முதல் உலகப்போருக்குப் பின் 1922ல் அமெரிக்காவில் குதிரை இறைச்சியை டின்னில் அடைத்து நாய்க்கு விற்றார்கள். இரண்டாம் போரில் தகரத்துக்குத் தட்டுப்பாடு வந்ததும் டின் போய்க் காய்ந்த தீனி மேலே வந்தது. 1950களில் ரால்ஸ்டன் பியூரினா நிறுவனம் காலை உணவுத் தானியம் செய்கிற எக்ஸ்ட்ரூடர் இயந்திரத்தில் நாய்த் தீனி செய்து பார்த்து, 1957ல் கடைக்குக் கொண்டுவந்தது.

நான் பொறியாளன் என்பதால் இந்த இயந்திரத்தைப் பற்றி நாலு வரி. குழாய்க்குள் ஒரு திருகு சுற்றும். மாவும் இறைச்சித் தூளும் கலந்த பிசைவு சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து முன்னால் தள்ளப்படும். வாய்த்துளையைத் தாண்டியதும் அழுத்தம் சட்டென்று விழும், உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகிப் பொரிந்து உருண்டை உப்பும். உலர்த்திய பிறகு மேலே கொழுப்பும் வாசனையும் தெளிப்பார்கள். உருண்டை உதிராமல் நிற்க மாவுச்சத்து வேண்டும். எனவே ‘தானியமே இல்லை’ என்று அச்சடித்த மூட்டையிலும் கிழங்கோ பருப்போ மாவுச்சத்தாக இருக்கும். நாய் முதலில் மயங்குவது அந்த மேல்பூச்சுக்குத்தான். “எங்க நாய் இதத்தான் விரும்பிச் சாப்புடுது” என்பது தரத்துக்குச் சான்று ஆகாது.

நம் ஊரும் இந்தச் சங்கிலியில் இருக்கிறது. செம்பனைக் கொட்டையை ஆட்டி எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் புண்ணாக்கு மலேசியாவிலிருந்து நியூசிலாந்துக்குக் கப்பல் ஏறி, அங்குள்ள பால்மாடுகளுக்குத் தீவனமாகிறது. அதே நியூசிலாந்தின் பேரை அச்சிட்ட நாய்த் தீனி இங்கே கடையில் உயர்ந்த விலைத் தட்டில் உட்கார்ந்திருக்கிறது.

அப்படியானால் பாட்டியின் பானையே போதுமா? பழசைக் கொண்டாடுகிற ஆர்வத்தில் அப்படிச் சொல்லிவிடக் கூடாது. பூனைக்கு டாரின் என்ற சத்து உணவிலிருந்தே வர வேண்டும், அதன் உடம்பு போதுமான அளவு தயாரித்துக்கொள்ளாது. குறைந்தால் கண் போகும், இருதயம் வீங்கும். டாரின் தண்ணீரில் கரைவது, மீனை வேகவைத்து வடித்துக் கொட்டினால் போய்விடும். நொய்ச் சோறு நிறையவும் மீன் கொஞ்சமாகவும் தின்ற லயத்துப் பூனைக்கு அது எவ்வளவு கிடைத்திருக்கும்? குழம்புச் சோறு இன்னொரு சிக்கல். வெங்காயமும் பூண்டும் நாய் பூனை இரண்டின் ரத்தச் சிவப்பணுக்களையும் உடைக்கும், பூனையை அதிகமாகத் தாக்கும். நம் வீட்டில் வெங்காயம் இல்லாத குழம்பு ஏது?

ஆனால் மூட்டைக்காரர்களும் யோக்கியம் இல்லை. டாரின் குறைவால் பூனைக்கு இருதய நோய் வருகிறது என்று 1987ல் அமெரிக்க மருத்துவர்கள் கண்டுபிடித்தபோது, நோய்ப்பட்டிருந்தவை நல்ல கம்பெனித் தீனி தின்ற பூனைகள். அதற்குப் பிறகுதான் கம்பெனிகள் அளவைக் கூட்டின. 2007ல் வட அமெரிக்காவில் ஏராளமான நாய் பூனைகள் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமின் என்ற ரசாயனத்தைக் கலந்திருந்தார்கள். வழக்கமான சோதனை புரதத்தை நேரடியாக அளக்காது, நைட்ரஜனை அளந்து புரதத்தைக் கணக்கிடும். மெலமினில் நைட்ரஜன் அதிகம். சோதனையில் புரதம் பிரமாதமாகத் தெரிந்தது. அதனால் மூட்டையில் இருக்கும் எண்ணை நம்பலாம், ஆனால் அது எதை அளந்த எண் என்று தெரிந்துகொண்டு நம்ப வேண்டும்.

மிச்சம் பிடிப்பதையும் அப்படித்தான் பார்க்கிறேன். கடையில் நாம் கிலோவுக்கு எவ்வளவு என்று பார்க்கிறோம். பார்க்க வேண்டியது 1000 கலோரிக்கு எவ்வளவு என்பது. எடுத்துக்காட்டுக்கு, கிலோ 8 வெள்ளித் தீனியில் 3200 கலோரி, 11 வெள்ளித் தீனியில் 3900 கலோரி என்று வைத்துக்கொள்வோம். விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம். 10 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 630 கலோரி வேண்டும். முதல் தீனியில் அது 197 கிராம், 1 வெள்ளி 58 காசு. இரண்டாவதில் 162 கிராம், 1 வெள்ளி 78 காசு. வித்தியாசம் நாளுக்கு 20 காசுதான். இன்னும் விலை கூடிய மூட்டைக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள், சிலது தேறும், சிலது வெறும் படம். டின் உணவில் முக்கால்வாசி தண்ணீர். அதில் 8 சதவீதம் புரதம் என்றால் குறைவாகத் தோன்றும். 80 சதவீதத் தண்ணீரைக் கழித்தால் அது 40 சதவீதம். நீர் 10 சதவீதமும் புரதம் 30 சதவீதமும் உள்ள காய்ந்த தீனியில் அதே கணக்கு 33 சதவீதம். டின்னில் சத்து குறைவில்லை, தண்ணீரையும் தகரத்தையும் சேர்த்து வாங்குகிறோம், அதனால் கலோரிக் கணக்கில் விலை பல மடங்கு.

மூட்டையில் தேட வேண்டிய சொற்கள் ‘முழுமையான, சமச்சீரான உணவு’ என்பவை. எந்த வயதுக்கு என்பதும், ஆஃப்கோ போன்ற அமைப்பின் அளவுகோலும் பக்கத்தில் இருக்க வேண்டும். ‘துணை உணவு’ என்றிருந்தால் அது தின்பண்டம். எங்கள் பக்கத்துக் கடைகளில் எந்தக் கம்பெனியின் பூனை உருண்டைக்கும் பேர் ‘பிரிஸ்கீஸ்’தான், கிலோக் கணக்கில் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுப்பார்கள். மலிவுதான். ஆனால் கலோரி, தேதி, சமச்சீர் எல்லாம் எழுதியிருந்த அட்டை அந்தக் கடையிலேயே நின்றுவிடுகிறது, காற்றுப்பட்டுக் கொழுப்பும் சிக்கெடுக்கும். இரண்டு மூன்று வீடு சேர்ந்து ஒரு பெரிய மூட்டை வாங்கிப் பிரித்துக்கொள்வது இதை விட நல்லது. மூட்டையின் பின்பக்கத்தைப் படம் பிடித்துக்கொண்டு, இறுக்கி மூடும் டப்பாவில் போட்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடலாம். அளவு போடுவதற்குக் குவளையை விடத் தராசு மேல்.

பானையையும் விட்டுவிட வேண்டியதில்லை. நாளுக்கு வேண்டிய கலோரியில் பத்தில் ஒரு பங்கு வரை வீட்டு உணவாக இருந்தால் சமச்சீர் பெரிதாகக் கெடாது. பசாரில் மலிவாகக் கிடைக்கிற கோழி இருதயத்தில் டாரின் உண்டு. உப்பு, வெங்காயம் போடாமல் வேகவைத்து, வெந்த தண்ணீரோடு சேர்த்துக் கொடுக்கலாம். வெந்த எலும்பு வேண்டாம், பிளந்து குடலைக் குத்தும்.

இதெல்லாம் இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க வேண்டிய விஷயமா? தோட்டங்கள் கைமாறி மேம்பாட்டுக்குப் போனபோது லயங்கள் காலியாயின. எங்கள் வட்டாரத்தில் மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டத்து மக்கள் சொந்த வீட்டுக்காகப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. தோட்டம் விட்டுப் போனவர்களில் பலர் சேர்ந்த இடம் நாய்க்கு அனுமதி இல்லாத அடுக்குமாடி. பூனையைத் தூக்கிப் போகலாம், நாயை? காலி லயத்தில் நின்ற நாய்களும் அவற்றின் வாரிசுகளும்தான் இன்று செம்பனைக்காட்டு ஓரத்திலும் சாப்பாட்டுக்கடை பின்புறத்திலும் அலைகின்றன. 2015ல் இயற்றிய விலங்கு நலச் சட்டம் உரிமையாளரின் கடமைகளைச் சொல்கிறது. உரிமையாளரையே தோட்டத்தை விட்டு அனுப்பிவிட்ட இடத்தில் அந்தக் கடமை யாருடையது என்று சட்டத்திடம் கேட்க முடியாது.

அவற்றுக்குச் சோறு போடுகிறவர்கள் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் அதே லயத்தில் வளர்ந்த அக்காக்களும் அத்தைகளும். துப்புரவு வேலை, தொழிற்சாலை வேலை. 2025ல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1700 வெள்ளி, அதிலிருந்து ஒரு மூட்டைக்குக் காசு ஒதுக்குகிறார்கள். நாளுக்கு 40 காசு மிச்சம் பிடித்தால் மாதம் 12 வெள்ளி. நான் மேலே போட்ட கணக்கில் அது ஒரு நாயின் ஒரு வாரச் சாப்பாடு. இவர்கள் காசை மிச்சம் பிடிப்பது சேர்த்து வைப்பதற்காக இல்லை, இன்னொரு வாய்க்குப் போடுவதற்காக. மூட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் எண்களை அவர்களுக்குத் தமிழில் படித்துச் சொல்ல, படித்த நம்மால் முடியும்.