செஸ்டர் ஆலன் ஆர்தர்

செஸ்டர் ஆலன் ஆர்தர் (5 அக்டோபர் 1829 – 18 நவம்பர் 1886) ஐக்கிய அமெரிக்காவின் 21ஆவது குடியரசுத் தலைவர். 1881 செப்டம்பர் முதல் 1885 மார்ச் வரை பதவி வகித்தார். கட்சிக்காரர்களுக்கு அரசு வேலைகளைப் பங்கிட்டுத் தரும் வழக்கத்தால் வளர்ந்தவர். அந்த வழக்கத்துக்குக் கடிவாளம் போட்ட சட்டத்தில் கையெழுத்திட்டவரும் அவர்தான்.

வெர்மான்ட் மாநிலத்தின் ஃபேர்ஃபீல்டில் பிறந்தார். தந்தை வில்லியம், அயர்லாந்திலிருந்து குடியேறிய பாப்டிஸ்ட் போதகர். அடிமை முறையை வெளிப்படையாக எதிர்த்தவர். யூனியன் கல்லூரியில் 1848இல் பட்டம் பெற்ற ஆர்தர், சில காலம் பள்ளியில் கற்பித்துவிட்டு நியூயார்க்கில் வழக்கறிஞரானார். எலிசபெத் ஜென்னிங்ஸ் என்ற கறுப்பின ஆசிரியை 1854இல் குதிரை டிராமிலிருந்து வலுக்கட்டாயமாக இறக்கப்பட்டார். அவருக்காக வாதாடி மறு ஆண்டே இழப்பீடு பெற்றுத் தந்தபோது ஆர்தருக்கு வயது 25. உள்நாட்டுப் போரில் அவர் களம் காணவில்லை. நியூயார்க் மாநிலப் படைகளுக்கு உணவும் உடையும் தங்குமிடமும் ஏற்பாடு செய்யும் பொறுப்பை வகித்தார்.

போருக்குப் பின் செனட்டர் ரோஸ்கோ காங்க்லிங்கின் வலது கரமானார். அதன் பலனாக 1871இல் குடியரசுத் தலைவர் கிராண்ட் அவரை நியூயார்க் துறைமுகச் சுங்கத் தலைவராக்கினார். நாட்டின் இறக்குமதி வரியில் பெரும்பகுதி அங்குதான் வசூலானது. ஏறத்தாழ ஆயிரம் ஊழியர்கள். பலரும் சிபாரிசில் நுழைந்தவர்கள், சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்சி நிதிக்குக் கட்டியவர்கள். அபராதங்களில் அதிகாரிகளுக்கும் பங்கு இருந்ததால், ஆர்தரின் ஆண்டு வருமானம் ஒரு கட்டத்தில் 50,000 டாலரைத் தாண்டியது. சீர்திருத்தம் பேசி வந்த அடுத்த குடியரசுத் தலைவர் ஹேய்ஸ் 1878இல் அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்.

1880இல் சிகாகோவில் கூடிய குடியரசுக் கட்சி மாநாடு, 36ஆவது சுற்று வாக்கெடுப்பில் கார்ஃபீல்டை வேட்பாளராக்கியது. காங்க்லிங் அணியைச் சமாதானப்படுத்தத் துணைத் தலைவர் இடம் ஆர்தருக்குத் தரப்பட்டது. அதுவரை அவர் மக்கள் வாக்களித்த பதவி எதிலும் இருந்ததில்லை. தேர்தலில் வென்று குடியரசுத் தலைவரான கார்ஃபீல்டை 1881 ஜூலை 2 அன்று சுட்ட சார்லஸ் கிட்டோ, தான் காங்க்லிங் அணிக்காரன் என்றும் இனி ஆர்தரே தலைவர் என்றும் சொன்னான். சதியில் ஆர்தருக்குத் தொடர்பில்லை. ஆனாலும் பழிச்சொல் அவரைச் சுற்றியது. செப்டம்பர் 19 அன்று கார்ஃபீல்ட் இறந்தார். மறுநாள் அதிகாலை நியூயார்க்கில் தம் வீட்டிலேயே ஆர்தர் பதவியேற்றார்.

பழைய கூட்டாளிகள் எதிர்பார்த்த வேட்டை நடக்கவில்லை. போட்டித் தேர்வு மூலம் அரசு வேலை வழங்கும் பெண்டில்டன் சட்டத்தில் 1883 ஜனவரி 16 அன்று கையெழுத்திட்டார். இதை மனமாற்றம் என்று மட்டும் சொல்வது மிகை: கார்ஃபீல்டைக் கொன்றவன் வேலை கேட்டு அலைந்து ஏமாந்தவன் என்பதும், 1882 தேர்தலில் கட்சி வாங்கிய அடியும் நாடாளுமன்றத்தைத் தள்ளியிருந்தன. தொடக்கத்தில் சட்டம் தொட்டது கூட்டாட்சி வேலைகளில் பத்தில் ஒரு பங்கைத்தான். ஆயினும் அதற்கான ஆணையத்தை அவர் பெயரளவில் விட்டுவிடாமல் உண்மையாகவே இயங்க வைத்தார்.

சீனத் தொழிலாளர் வருகையை 20 ஆண்டுகள் தடுக்கும் மசோதாவை நிராகரித்த அவரே, 10 ஆண்டுத் தடைக்கு 1882இல் ஒப்புதல் தந்தார்; அவர் ஆட்சியின் கறை இது. நலிந்து கிடந்த கடற்படைக்கு எஃகுக் கப்பல்கள் கட்டும் பணியும் அவர் காலத்தில் தொடங்கியது.

மனைவி எல்லன் 1880 ஜனவரியிலேயே இறந்துவிட்டதால், வெள்ளை மாளிகை விருந்துகளைத் தங்கை மேரி நடத்தினார். சிறுநீரக நோயை வெளியே தெரியாமல் மறைத்த ஆர்தர், 1884 வேட்பாளர் போட்டியில் ஜேம்ஸ் பிளெய்னிடம் தோற்றார். இறப்பதற்குச் சற்று முன் தம் கடிதங்களையும் தாள்களையும் பெரும்பாலும் எரிக்கச் செய்தார். அவரது சுங்க அலுவலக நாட்களைத் துருவ விரும்பும் வரலாற்றாசிரியர்களுக்குப் பிறர் வைத்திருந்த ஆவணங்களே மிச்சம்.