எல்லையும் எண்ணும்

ஜவ்வாது மலையடியில், படைவீட்டுக்கு வழி பிரியும் ஊர் சந்தவாசல். இவ்வூரை அறியாத ஒருவருக்கு நாம் இவ்வாறே விடை கூறுவோம். மலை, வழி, அண்டை ஊர் ஆகியவற்றால் ஓர் இடத்தைச் சுட்டும் இக்கலை தமிழகத்தில் நெடுங்காலம் பயின்று வந்ததாகும்.

போளூரை அடுத்த திருமலையில் முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அவை வைகாவூரை ஜயங்கொண்ட சோழ மண்டலம், பங்கள நாடு, அதன் நடுவில்வகை, முகை நாடு எனப் பெரும்பிரிவினின்று சிறுபிரிவுக்கு இறங்கிக் குறிக்கின்றன. ஒன்றனுள் ஒன்று அடங்கும் இவ்வரிசையே அக்கால முகவரி.

நிலம் கொடையாகும்போது இது போதாது. கீழ்பால், தென்பால், மேல்பால், வடபால் என நான்கெல்லையும் வலமுறையாகச் சொல்லப்படும். கீழ்பாலெல்லை ஓர் ஓடையாயின், நிலம் ‘ஓடைக்கு மேற்கு’ என எழுதப்படும். பிடியானையை எல்லை சூழ நடத்திக் கல்லும் கள்ளியும் நாட்டினர். நாட்டாரே சாட்சி.

தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் பொறித்த கல்வெட்டுகள் ஊர்களின் பரப்பை வேலியிலும் அதன் மிக நுண்ணிய பின்னங்களிலும் தருகின்றன. நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவை இறையிலியாக வேறு பிரிக்கப்பட்டன. எவ்வளவு நிலம் என்பதோடு எவ்வகை நிலம் என்பதும் அங்குப் பதிவாயிற்று.

1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலைப் பகுதியில் வில்லியம் லாம்டன் ஏறத்தாழ 7½ மைல் நீள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதன்மேல் முக்கோணங்களை அடுக்கி, ஒவ்வோர் இடத்துக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கண்டார். 1808இல் அவருடைய அரை டன் எடையுள்ள கோணமானியைத் தஞ்சைப் பெரிய கோயிலில் மேலேற்றுகையில் கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. சொல்லால் நிலத்தைக் காத்த சுவர்களிடையே எண்ணால் நிலத்தைக் காணும் கருவி பழுதுற்றது. லாம்டன் அதைத் தாமே செப்பனிட்டார்.

இன்றைய கணினி நிலப்படமும் புள்ளி, கோடு, பரப்பு என்னும் மூன்று வடிவங்களையும், அவற்றோடு இணைந்த பெயர், வகை முதலிய குறிப்புகளையும் கொண்டதே. கிணறு புள்ளி, ஓடை கோடு, ஏரி பரப்பு. ஓடை தடம் மாறினால் பழைய எல்லைச் சொல் தடுமாறும், எண் தடுமாறாது. ஆயினும் அந்நிலம் எவருடையது, எதற்கு விடப்பட்டது என்பதை எண் மட்டும் உரைக்காது. ஓடையின் பெயரை ஊர் மறந்துவிட்டால், கல்வெட்டில் எழுத்து எஞ்சியும் எல்லை தொலைந்துவிடும்.

ஆகவே, நம் ஊர்களின் ஓடை, ஏரி, பாறை, களம் ஆகியவற்றின் பெயர்களை முதியோரிடம் கேட்டு, அவற்றின் இருப்பிடத்தோடு சேர்த்து எழுதி வைப்போம். வரலாற்றுக்கு நாம் செய்யக்கூடிய எளிய பணி அது. தாழ்த்தினால் பின்னர் எவராலும் செய்ய இயலாத பணியும் அதுவே.