எட்டுக்கு எட்டு: ஒரு கட்டத்தின் வரலாறு

புள்ளிக்கோலம்தான் உலகின் முதல் பிக்ஸல் ஓவியம் என்று இப்போது அடிக்கடி சொல்கிறார்கள். மார்கழி பிறந்தால் போதும், யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். சொல்பவருக்கும் கேட்பவருக்கும் ஒரு பெருமிதம். இதில் எனக்குப் பங்கில்லை. சிதம்பரம் தேரோடும் வீதிகளில் ஆருத்ரா தரிசனத்துக்குக் கோலம் போடுவதைச் சிறுவயது முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். கோலத்தில் புள்ளி நிரப்பப்படுவதில்லை. சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைத் தொடாமல் வளைத்துக்கொண்டு போகிறது. புள்ளி அங்கே ஒரு நிதானம், ஒரு இடக்குறி, அவ்வளவுதான். பிக்ஸலோ முழுச் சதுரம். அதை நிரப்பலாம், அல்லது காலியாக விடலாம். வளைவு என்பதே அதற்குத் தெரியாது.

தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியோடு இணைத்துப் பேசப்படும் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் மூவரும் 1974இல் கோலத்துக்குக் கணிப்பொறியியல் சார்ந்த ஓர் இலக்கணம் எழுதினார்கள். நிரையிலும் நிரலிலும் வைத்த குறிகள் எந்த விதியால் கோலமாக விரிகின்றன என்பதே அவர்கள் கேள்வி. எந்தச் சதுரம் கறுப்பு, எது வெள்ளை என்பதல்ல. அந்த ஆய்வையும் இப்போதைய பெருமிதத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அப்படியானால் பிக்ஸலுக்கு நம் வீடுகளில் உறவே இல்லையா? உண்டு. வாசலில் இல்லை, அலமாரியில், மடித்து வைத்த தலையணை உறையில் இருக்கிறது. அதற்கு வருமுன் பொறியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

1984இல் மத்திய அரசு பள்ளிகளுக்குக் கணிப்பொறி தரும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதன் சுருக்கப் பெயர் 'கிளாஸ்'. அதற்காக இங்கிலாந்திலிருந்து வந்தது ஏகார்ன் நிறுவனம் 1981இல் வெளியிட்ட பிபிசி மைக்ரோ. அதன் நினைவகம் மொத்தமே 32 கிலோபைட். எட்டு நிறத்தில் படம் வேண்டுமென்றால் திரை மட்டுமே 20 கிலோபைட்டை விழுங்கிவிடும். மிச்சத்தில்தான் நிரலும் மற்றதும் குடித்தனம் நடத்த வேண்டும். அதே காலத்து ஸ்பெக்ட்ரம் பொறி இன்னும் கறார். திரையில் 256க்கு 192 புள்ளி. புள்ளிகளுக்கு 6144 பைட், நிறத்துக்கு 768 பைட். அதாவது எட்டுக்கு எட்டுக் கட்டம் ஒன்றுக்கு இரண்டே நிறம். பச்சைக் கிளி சிவப்புப் பழத்தைக் கொத்தப் போனால், மூன்றாவதாகப் பின்புலத்தின் நிறமும் அந்தக் கட்டத்துக்குள் வந்துவிடும். ஏதாவது ஒன்று தன் நிறத்தை இழந்தே தீரும்.

கடலூரில், அப்போது தென்னாற்காடு மாவட்டம், நான் படித்த ஆண்கள் பள்ளிக்கு ஒரு பிபிசி வந்தது. அறையைப் பூட்டிச் சாவியை ஒருவர் இடுப்பிலேயே வைத்திருப்பார். வாரத்துக்கு அரை மணி, ஒரு பொறிக்கு ஆறு பையன்கள். நான் தினமும் சிதம்பரத்திலிருந்து மீட்டர்கேஜ் ரயிலில் வந்து போனவன். பரங்கிப்பேட்டை, ஆலப்பாக்கம் என்று அது ஊர்ந்து போகும் நேரமெல்லாம் எனக்கு வரைகிற நேரம். கணக்கு நோட்டில் எட்டுக்கு எட்டுக் கட்டம் போட்டுத் தமிழ் எழுத்து வரைவேன்.

அந்தப் பொறியில் நாமே எழுத்து செய்துகொள்ளலாம். எட்டு வரிசை, வரிசைக்கு ஒரு எண். ட சுலபம். 64 ஆறு தடவை, பிறகு 126, கடைசியில் 0. ப இன்னும் சுலபம், 64க்குப் பதில் 66. ட, ப இரண்டும் வந்த அன்று நான் தரையில் நடக்கவில்லை. பிறகு ணகரத்தில் வந்து விழுந்தேன்.

மூணு சுழி ண, ரெண்டு சுழி ன என்றுதானே நமக்குச் சொல்லித் தருகிறார்கள்? ஒரு சுழிக்குக் குறைந்தது ஒரு ஓட்டையும் இரு பக்கமும் கோடும் வேண்டும். அதன் பிறகு கீழிறங்கும் கால் வேண்டும், பக்கத்து எழுத்தோடு ஒட்டாமலிருக்க ஒரு காலி நிரலும் வேண்டும். எட்டில் இது அடங்காது. நான் சுழியைக் குறைத்தேன். குறைத்ததும் மணம் மனம் ஆகிவிட்டது. ஒரு மாதம் இதோடு மல்லுக்கட்டினேன். பிழை என்னுடையது, அல்லது தமிழுடையது என்றே நினைத்தேன். கட்டத்தின் மேல் சந்தேகமே வரவில்லை. கையேட்டில் ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்று அச்சடித்திருந்ததே!

நோட்டை எட்டிப் பார்த்த அக்கா கேட்டாள்: "ஏன்டா, எட்டுல அடங்கலைன்னா பக்கத்துக் கட்டத்தையும் எடுத்துக்கயேன்?"

அக்காவுக்கு அப்போது இருபது வயது. கணிப்பொறியைப் பார்த்ததே இல்லை. அவள் படித்த பெண்கள் பள்ளியில் தையல் வகுப்பு இருந்தது. மேட்டித் துணி என்று கட்டம் கட்டமாக இழை ஓடும் துணி. அதில் ஒரு கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறி, எண்ணித்தான் போட வேண்டும், ஒன்று தப்பினால் பிரிக்க வேண்டும். கிளி, ரோஜா, வாத்து எல்லாம் அப்படித்தான். அங்கே கற்றுக்கொடுத்தது ஆங்கில எழுத்துகள்தாம். மூலையில் பெயரின் முதலெழுத்தை ஆங்கிலத்தில் போடுவதுதான் வழக்கம். அக்கா தன்னுடையதைத் தமிழில் போட்டிருந்தாள். இரண்டு கட்டத் தொகுதியை எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு மாதக்கணக்கில் பிடிபடாதது அவள் கைக்கு என்றோ தெரிந்த விஷயம்.

இதைக் குடும்பக் கதையாக மட்டும் நான் சொல்லவில்லை. எட்டுக்கு எட்டு என்பது இயற்கை விதியல்ல. ரோமன் எழுத்து குடியிருக்க அளந்து கட்டிய வீடு. ஒரு மொழியின் அளவு பொறியின் அளவாகி, பிறகு 'தொழில்நுட்ப வரம்பு' என்ற நடுநிலையான பெயரோடு நம்மிடம் வந்து சேர்கிறது. வந்ததும் நம் எழுத்து 'சிக்கலானது' ஆகிவிடுகிறது. இது புதிதுமல்ல. சிதம்பரத்துக்குத் தெற்கே தரங்கம்பாடியில் 1713இல் தமிழ் அச்சு தொடங்கியபோது, ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்து அனுப்பிய எழுத்துகள் மிகப் பெரியவை. காகிதம் கட்டுப்படியாகாமல் சிறிய எழுத்தை இங்கேயே வார்த்தார்கள். பெரியார் 1935இல் குடி அரசில் எழுத்தைச் சீர்திருத்தியபோதும் அச்சுக்கோப்பவரின் அறைப்பெட்டி அவர் கணக்கில் இருந்தது. அந்தச் சீர்திருத்தத்தின் ஒரு பகுதியை 1978இல் அரசு ஏற்றபோது நான் தொடக்கப்பள்ளிப் பையன். தும்பிக்கை வைத்த ணையை மறக்கச் சொன்னார்கள், மறந்தேன். அக்கா இன்றும் கடிதத்தில் தும்பிக்கைதான் போடுகிறாள். ஆக எழுத்து பொறிக்காக வளைந்ததும் உண்டு, பொறி எழுத்துக்காக வளைந்ததும் உண்டு. எது எப்போது, யார் சொல்லி என்பதுதான் கேள்வி.

இப்போது அந்தப் பொறிகளை மடிக்கணினிக்குள் போலியாக ஓடவிட்டு, அதே எல்லைக்குள் படம் வரைவது ஒரு பொழுதுபோக்கு. நானும் வரைகிறேன். பழைய பொறிகளில் படமும் இசையும் செய்வதை உயிரோடிருந்தவரை யாரும் மதிக்கவில்லை. பின்லாந்து 2020இலும் ஜெர்மனி 2021இலும் அதைத் தத்தம் நாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டன. பிக்கோ-8 என்று ஒன்று இருக்கிறது. 128க்கு 128 புள்ளி, 16 நிறம். அப்படி ஒரு பொறியை யாரும் செய்து விற்றதில்லை; இல்லாத பொறிக்கு இல்லாத வறுமை. கிண்டலாகச் சொல்லவில்லை, அதில் வரைவது சுகம்தான். ஆனால் தேர்ந்தெடுத்த எல்லையும் தலையில் விழுந்த எல்லையும் ஒன்றல்ல. சுகம் முதலாவதில் மட்டும்தான்.

ஊசிக்கும் இந்தக் கலைக்கும் உள்ள உறவு எங்கள் வீட்டோடு முடிவதுமில்லை. 1984இல் வெளிவந்த மக்கின்டாஷ் பொறிக்கு 32க்கு 32 கட்டத்தில் சின்னங்களை வரைந்த சூசன் கேர், ஊசித்தையலும் மொசைக்கும் முன்பே பழகியவர். அவருக்குப் பெயர் கிடைத்தது. கடலூர்க் கண்காட்சி ஒன்றில் என் நிரல் ஓடியபோது, திரையில் இரண்டு கட்டத்து ண அழகாக உட்கார்ந்திருந்தது. 'எழுதியவர்' என்ற வரியில் என் பெயர் மட்டும். நாற்பது எழுத்து கொள்ளும் வரி அது. இடமில்லை என்று சொல்ல முடியாது.

போன தைக்கு அக்கா வீட்டில் அந்தக் கிளியைப் பொறிக்கு மாற்றிக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"ரெக்கைக்கு வேற பச்சை போட்டிருந்தேனே?"

எட்டு நிறத்தில் பச்சை ஒன்றுதான் என்றேன். உறையை மடியில் விரித்துக் கொஞ்ச நேரம் எண்ணினாள். "ஒரு புள்ளி விட்டு ஒரு புள்ளி கறுப்பு வை. தூரத்துல கரும்பச்சையாத் தெரியும்."

தெரிந்தது.