வெந்நீர்ப் பாத்திரங்கள்

கணிதத்துக்கும் கோட்பாட்டு இயற்பியலுக்கும் ஆய்வகம் வேண்டாம், காகிதமும் பென்சிலும் போதும் என்று என் ஆசிரியர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சான்றாக வரும் பெயர் ஸ்ரீநிவாச ராமானுஜன். நான் வசிக்கும் பிள்ளைப்பாக்கத்தில் அந்தப் பெயருக்குத் தனிப் பெருமை. பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த வைணவ ஆசாரியரின் பெயர் அல்லவா அது?

ஆனால் ராமானுஜனுக்குக் காகிதமே போதுமான அளவு கிடைத்ததில்லை. சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதிவைத்தார். காகிதத்தைவிட அவசியமான வேறொன்றும் அவருக்குத் தேவைப்பட்டது. வேளைக்குச் சோறு, நோய்க்குப் பணிவிடை, இடையூறில்லாத நேரம். இவற்றைக் கொடுத்தவர்களின் பெயர் எந்தத் தேற்றத்திலும் இல்லை.

ஜானகிக்கு 1909-ல் திருமணம் நடந்தபோது வயது பத்து, ராமானுஜனுக்கு 21. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் அவர் எழுத்தர் ஆனார். 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். ஜானகி போகவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து நோயாளியாகத் திரும்பிய கணவரை ஏறக்குறைய ஓராண்டு பார்த்துக்கொண்டார். சோறும் மோரும் எலுமிச்சைச் சாறும் வேளை தவறாமல் கொடுத்தார். காலிலும் மார்பிலும் வலி என்றால் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். அந்த வெந்நீருக்குப் பயன்பட்ட இரண்டு பாத்திரங்களை முதுமை வரை வைத்திருந்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

அந்த ஓராண்டில்தான் ராமானுஜன் தம் மிக ஆழமான கணிதத்தில் சிலவற்றை எழுதினார். 1920 ஜனவரி 12 அன்று ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் ‘மாக் தீட்டா’ சார்புகளை அறிமுகப்படுத்தினார். ஏப்ரல் 26 அன்று 32 வயதில் இறந்தார். அவருடைய காகிதங்கள் 1923-ல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஹார்டிக்குப் போயின. அவற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்களை 1976-ல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்தார். ‘தொலைந்த நோட்டு’ என்று உலகம் கொண்டாடுவது அதைத்தான். இன்று கருந்துளைகளின் என்ட்ரோபியைக் கணக்கிடும் இயற்பியலாளர்களும் அந்தச் சார்புகளிடம் வருகிறார்கள்.

ஜானகி என்ன ஆனார்? கணவர் இறந்தபோது அவருக்கு வயது 21. பல்கலைக்கழகம் மாதம் 20 ரூபாய் ஓய்வூதியம் தந்தது. பம்பாயில் சகோதரர் வீட்டில் சில ஆண்டுகள் இருந்து தையல் கற்றார். பிறகு திருவல்லிக்கேணியில் துணி தைத்துச் சொந்தக் காலில் வாழ்ந்தார். கணவருக்கு வைப்பதாகச் சொன்ன சிலை எங்கே என்று முதுமையில் கேட்டார். வெளிநாட்டுக் கணித அறிஞர்கள் பணம் திரட்டி, பால் கிரான்லண்டைக் கொண்டு மார்பளவுச் சிலை செய்வித்தார்கள். 1994-ல் ஜானகி காலமானார்.

ஜானகி கணிதம் செய்தார் என்று நான் வாதிடவில்லை. கணிதம் செய்யும் வாய்ப்பு அவருக்கு இருந்ததா என்பதை யாரும் கேட்கவே இல்லை என்கிறேன். பத்து வயதில் பள்ளிக்கூடத்துக்குப் பதில் மணமேடை. எழுதுபவருக்கு நேரம் உண்டாக்கித் தருவது மட்டுமே அவருக்கு ஒதுக்கப்பட்ட வேலை.

அந்த ஏற்பாடு மாறினால் என்ன நடக்கும்? 1948-ல் பிறந்த ராமன் பரிமளா சென்னையில் சாரதா வித்யாலயாவிலும் ஸ்டெல்லா மேரிஸ் கல்லூரியிலும் படித்தவர். மும்பை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் ஆய்வு செய்தார். பல்லுறுப்புக் கோவைகளின் மேல் அமையும் ஒருவகை அமைப்புகளெல்லாம் மிக எளிய வடிவத்துக்கு வந்துவிடுமா என்பது 1955-ல் ழான்-பியர் செர் எழுப்பிய கேள்வி. ‘வரும்’ என்று 1976-ல் குவில்லனும் சுஸ்லினும் தனித்தனியே நிறுவினார்கள். அதே கேள்வியை இருபடி வடிவங்களுக்குக் கேட்டால் விடை ‘வராது’ என்று, எதிர்க்காட்டு ஒன்றைக் கட்டி அதே ஆண்டில் காட்டியவர் பரிமளா. 1987-ல் பட்நாகர் பரிசு. 2010-ல் ஹைதராபாத்தில் நடந்த உலகக் கணித மாநாட்டில் முழு அவைக்கும் உரையாற்றினார். தம் ஆய்வு தொடர்வதற்காகக் கணவர் தான்சானியாவில் பார்த்த வேலையை விட்டு வந்ததையும் அவர் எழுதியிருக்கிறார். ஜானகியின் கதையில் அசையாமல் இருந்தது எதுவோ, அது இங்கே அசைந்தது.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன். பி.எஸ்சி. கணிதம் முடித்த என் மாணவிகளில் சிலர் மறுமாதமே கம்பெனி பஸ் ஏறினார்கள். தங்கையின் படிப்புச் செலவும் வீட்டுக் கடனும் அவர்களின் சம்பளத்தில் ஓடுகின்றன. அந்தச் சம்பளம் சாதாரணமானதல்ல. பெற்றோர் நிச்சயிக்க நினைத்த கல்யாணத்தைத் தள்ளிப்போடும் துணிச்சலையும் அதுதான் தருகிறது. ஆனால் இரவு ஷிப்ட் முடிந்து வருபவளிடம் காகிதமும் பென்சிலும் போதுமென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2024 ஆகஸ்டில் பக்கத்து வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. உறங்க இடம் தேவைதான். அதோடு, எங்கள் பகுதியின் ஒவ்வொரு விடுதியிலும் இரவிலும் விளக்கெரியும் ஒரு வாசிப்பறை வேண்டும். தொலைநிலைக் கல்வியில் எம்.எஸ்சி. எழுதுபவளின் தேர்வு நாளைப் பார்த்து ஷிப்ட் போட வேண்டும். அவர்களில் எத்தனை பேர் கணிதத்துக்குத் திரும்புவார்கள் என்று கேட்கிறார்கள். நேரத்தைக் கொடுத்துப் பார்த்த பிறகு எண்ணுவோம்.