ஜாவாஸ்கிரிப்ட் நிரலாக்கப் பழக்கங்களின் வரலாறு

ஜாவாஸ்கிரிப்ட் மொழியை 1995 ஆம் ஆண்டு மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் உருவாக்கினார். அதன் முதல் மாதிரி வடிவம் பத்தே நாட்களில் எழுதப்பட்டது. நிரலர்கள் இன்றும் இம்மொழியில் இடறி விழும் இடங்கள் பல அந்த அவசரக் காலத்தில் தோன்றியவை. வலைப்பக்கங்கள் பெருகிய பின் அவற்றைத் திருத்த வழியில்லாமல் போனது. ஒரு பிழையைத் திருத்தினால் அதை நம்பி எழுதப்பட்ட பழைய பக்கங்கள் பழுதாகிவிடும். எனவே மொழி மாறுவதற்குப் பதிலாக, அதை எழுதுவோரின் பழக்கங்கள் மாறின.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு == என்னும் ஒப்பீட்டுக் குறி. எண்ணையும் சரத்தையும் ஒப்பிடும்போது இது ஒன்றை மற்றொன்றின் வகைக்குத் தானாக மாற்றிக்கொள்கிறது. நெட்ஸ்கேப்புக்குள் மொழியை முதலில் பயன்படுத்தியவர்கள் கேட்டுக்கொண்டதால் இவ்வசதியைச் சேர்த்ததாக ஐக் பின்னாளில் கூறியுள்ளார். விளைவு விசித்திரமானது. வெற்றுச் சரம் 0 என்ற எண்ணுக்குச் சமம். '0' என்ற சரமும் அதே எண்ணுக்குச் சமம். ஆனால் அவ்விரு சரங்களும் ஒன்றுக்கொன்று சமமல்ல. நெட்ஸ்கேப் இதைத் திருத்த முயலாமல் இல்லை. ஜாவாஸ்கிரிப்ட் 1.2 பதிப்பில் == வகைமாற்றம் செய்யவில்லை. ஆனால் 1997 இல் வெளியான முதல் எக்மாஸ்கிரிப்ட் தரம் பழைய முறையையே ஏற்றதால், 1.3 பதிப்பில் அதுவே திரும்பி வந்தது. வகைமாற்றம் செய்யாத === என்ற தனிக் குறி 1999 இல் மூன்றாம் பதிப்பின் வழியே தரத்தில் இடம்பெற்றது. இரண்டு சமக்குறிகளைத் தவிர்த்து மூன்று இடும் வழக்கம் இப்படி வந்ததே.

தேதிகளுக்கான வசதி அன்றைய ஜாவா மொழியிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டது. ஜனவரியை 0 எனக் கணக்கிடும் வழக்கமும் அதனுடன் வந்து ஒட்டிக்கொண்டது. ஆண்டைத் தரும் 'கெட்இயர்' என்ற செயற்கூறு 1900 ஐக் கழித்த எண்ணையே தந்ததால், அதன் முன் '19' என்று ஒட்டி எழுதிய பக்கங்கள் 2000 ஆம் ஆண்டு பிறந்ததும் 19100 என்று காட்டின. முழு ஆண்டைத் தரும் 'கெட்ஃபுல்இயர்' அதற்கு முன்பே தரத்தில் இருந்தது என்பதுதான் வேடிக்கை.

பழக்கங்களை விதிகளாக்கியதில் டக்ளஸ் கிராக்ஃபோர்டுக்குப் பெரும் பங்குண்டு. நிரலைப் படித்துக் குறைகளைச் சுட்டும் ஜேஎஸ்லின்ட் கருவியை 2002 இல் அவர் வெளியிட்டார். மொழியின் நல்ல பகுதிகளை மட்டும் பயன்படுத்தச் சொன்ன அவரது சிறு நூல் 2008 இல் வந்தது. அவருடைய கண்டிப்பு சில இடங்களில் மிகை என்று கருதிய நிரலர்களும் இருந்தனர்.

2009 இல் ஐந்தாம் பதிப்பு 'யூஸ் ஸ்ட்ரிக்ட்' என்ற கண்டிப்பு முறையைக் கொண்டுவந்தது. அறிவிக்காத மாறிக்கு மதிப்பளித்தால் அது ஓசையின்றி உலகளாவிய மாறியாகிவிடும் பழைய சிக்கல் இம்முறையில் பிழையாகவே காட்டப்பட்டது. இக்கட்டளை வெறும் சரமாக எழுதப்பட்டதால் பழைய உலாவிகள் அதைப் பொருட்படுத்தாமல் கடந்து சென்றன; எதுவும் உடையவில்லை. 2015 இல் வந்த 'லெட்', 'கான்ஸ்ட்' இரண்டும் அதே வழியில் 'வார்' என்பதை அகற்றாமல் அதன் அருகே இடம்பிடித்தன.

மொழியில் உள்ளமைந்த பொருள்களில் சொந்தச் செயற்கூறுகளைச் சேர்க்கக் கூடாது என்ற விதியின் விலை 2018 இல் தெரிந்தது. உள்ளடுக்கு அணிகளை ஒரே அணியாக விரிக்கும் வசதிக்கு 'ஃபிளாட்டன்' என்று பெயரிடத் தரக்குழு எண்ணியிருந்தது. ஒரு காலத்தில் பரவலாக இருந்த மூடூல்ஸ் நிரலகம் அதே பெயரில் தன் செயற்கூறை அணிகளில் முன்பே சேர்த்திருந்தது. ஃபயர்பாக்ஸின் சோதனைப் பதிப்பில் புதிய வசதி நுழைந்தபோது, மூடூல்ஸைப் பயன்படுத்திய தளம் ஒன்று பழுதானது. பெயரை 'ஸ்மூஷ்' என்று மாற்றலாம் என வேடிக்கையாக எழுந்த யோசனை நிரலர்களிடையே பெரும் விவாதமாகியது. இறுதியில் 'ஃபிளாட்' என்ற பெயருடன் அவ்வசதி 2019 பதிப்பில் சேர்ந்தது.