மாற்றுவேக வீச்சு (மென்பந்தாட்டம்)

மாற்றுவேக வீச்சு அல்லது சேஞ்ச்அப் என்பது விரைவீச்சு மென்பந்தாட்டத்தில் (ஃபாஸ்ட்பிட்ச் சாஃப்ட்பால்) வீச்சாளர் தமது வழமையான வேகப்பந்தை எறியும் அதே உடலசைவுடன், ஆனால் கணிசமாகக் குறைந்த வேகத்தில் எறியும் பந்தாகும். கையின் வேகத்தைக் கண்டு மட்டையை முன்கூட்டியே சுழற்றிவிடும் மட்டையாளரை ஏமாற்றுவதே இதன் நோக்கம். வேகப்பந்தை ஓரளவு கட்டுப்பாட்டுடன் எறியப் பழகிய இளம் வீச்சாளருக்கு அடுத்ததாகக் கற்பிக்கப்படுவது பெரும்பாலும் இதுவே.

இக்கட்டுரையில் மென்பந்தாட்டம் என்பது அடிபந்தாட்டத்திலிருந்து (பேஸ்பால்) பிறந்த விளையாட்டைக் குறிக்கிறது. இலங்கைத் தமிழ் வழக்கில் "மென்பந்து" என்றால் டென்னிஸ் பந்து போன்ற மென்மையான பந்தால் ஆடப்படும் துடுப்பாட்டம் என்றே பொருள் கொள்வர். அது வேறு, இது வேறு. பெயரில்தான் "மென்" உள்ளதேயன்றி இன்றைய மென்பந்து கையில் பட்டால் நன்றாகவே வலிக்கும்.

பின்னணி

மென்பந்தாட்டம் 1887ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் சிக்காகோ நகரில், ஃபாரகட் படகுக் கழகத்தின் உள்ளரங்கில் ஜார்ஜ் ஹான்காக் என்பவரால் தொடங்கப்பட்டது. முதல் பெண்கள் உலகப் போட்டி 1965இல் மெல்பேர்ணில் நடந்தது. 1996 முதல் 2008 வரை ஒலிம்பிக்கில் பெண்கள் பிரிவு இடம்பெற்றது. பின்னர் நீக்கப்பட்டு, 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் மீண்டும் சேர்க்கப்பட்டது. 2024 பாரிசில் இல்லை. 2028 லாஸ் ஏஞ்சலஸ் போட்டிகளுக்குச் சேர்க்கப்பட்டுள்ளது.

இவ்விளையாட்டில் பந்து கீழ்க்கையாக எறியப்படுகிறது. வீச்சாளர் கையை ஒரு முழு வட்டமாகச் சுழற்றி, இடுப்பருகே பந்தை விடுவிக்கிறார். காற்றாலையின் இறக்கையை ஒத்த அசைவாதலால் இது காற்றாலைச் சுழற்சி எனப்படுகிறது. அடிபந்தாட்டத்தில் உள்ளதுபோல் வீச்சாளர் நிற்க மண்மேடு கிடையாது. பெண்கள் ஆட்டத்தில் வீச்சுப் பலகைக்கும் மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 43 அடி (13.11 மீட்டர்) தொலைவு உண்டு. அமெரிக்கச் சிறுவர் போட்டிகளில் 12 வயதுக்குட்பட்டோருக்கு இது 40 அடி (12.19 மீட்டர்), 10 வயதுக்குட்பட்டோருக்கு 35 அடி (10.67 மீட்டர்) ஆகும். பந்தின் சுற்றளவு 12 அங்குலம். எடை ஏறத்தாழ 178 முதல் 198 கிராம் வரை. 10 வயதுக்குட்பட்டோர் 11 அங்குலப் பந்தைப் பயன்படுத்துகின்றனர்.

இயங்கும் முறை

ஒரு வீச்சாளர் மணிக்கு 95 கிலோமீட்டர் வேகத்தில் எறிவதாகக் கொள்வோம். பந்தை விடுவிக்கும்போது அவர் பலகையிலிருந்து ஏறக்குறைய 1.8 மீட்டர் முன்னே பாய்ந்திருப்பார். ஆகவே பந்து கடக்க வேண்டியது சுமார் 11.3 மீட்டர் மட்டுமே. காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளாவிடில் இதற்கு 0.43 நொடி ஆகும். அதே வீச்சாளர் 75 கிலோமீட்டர் வேகத்தில் மாற்றுவேகப் பந்தை எறிந்தால் 0.54 நொடி ஆகும். வேறுபாடு நொடியில் பத்திலொரு பங்கைச் சற்றே மிஞ்சும். மட்டை ஹோம் பிளேட்டைக் கடந்து போய்விடுவதற்கு இந்த நேரமே தாராளம்.

இங்கு பலர் கவனிக்கத் தவறும் இன்னொன்றும் உண்டு. மேலே கூறிய கணக்கின்படி புவியீர்ப்பால் வேகப்பந்து சுமார் 0.9 மீட்டர் இறங்குகிறது. மெதுவான பந்து சுமார் 1.4 மீட்டர் இறங்குகிறது. அதாவது ஒரே திசையில், ஒரே உயரத்தில் விடுவிக்கப்பட்டாலும் மாற்றுவேகப் பந்து ஏறக்குறைய அரை மீட்டர் தாழ்வாகவே வந்து சேரும். பழகாத கை இதை ஈடுகட்டப் பந்தை மேல்நோக்கி விடுகிறது. அப்போது பந்து வளைந்து எழும்பி, மட்டையாளரின் மார்புயரத்தில் மிதந்து வருகிறது. இதைவிட எளிதாக அடிக்கத்தக்க பந்து இவ்விளையாட்டில் இல்லை எனலாம்.

பிடிகள்

கையின் வேகத்தைக் குறைக்காமல் பந்தின் வேகத்தைக் குறைப்பதே இங்குள்ள சிக்கல். வேகப்பந்தில் விரல்நுனிகளும் மணிக்கட்டின் சொடுக்கும் கடைசியாக வேகத்தைக் கூட்டுகின்றன. இவ்விரண்டில் ஒன்றையோ இரண்டையுமோ செயலற்றதாக்கும் வகையில்தான் எல்லாப் பிடிகளும் அமைந்துள்ளன.

உள்ளங்கைப் பிடியில் பந்து விரல்களிலிருந்து விலகி உள்ளங்கையில் ஆழமாகப் புதைக்கப்படுகிறது; மணிக்கட்டு விறைப்பாக வைக்கப்படுகிறது. வட்டப் பிடியில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் பந்தின் பக்கவாட்டில் ஒரு வளையம்போல் சேர, மற்ற மூன்று விரல்கள் பந்தைத் தாங்குகின்றன. முட்டிப் பிடியில் இரண்டோ மூன்றோ விரல்கள் மடக்கப்பட்டு அவற்றின் கணுக்களோ நகங்களோ பந்தில் அழுத்தப்படுகின்றன; பந்து மிகக் குறைவாகவே சுழலும். புறங்கை வீச்சு சற்று வேறானது. கை வட்டத்தின் அடிப்பகுதிக்கு வரும்போது திரும்பி, புறங்கை மட்டையாளரை நோக்கியும் உள்ளங்கை பின்நோக்கியும் இருக்கப் பந்து விடுவிக்கப்படுகிறது. நன்கு எறியப்பட்டால் இதுவே மிகவும் ஏமாற்றும்; ஆனால் கட்டுப்பாடு வர நெடுநாள் ஆகும்.

பத்து, பன்னிரண்டு வயதுச் சிறுமியின் கைக்கு வட்டப் பிடி பெரும்பாலும் ஒத்துவராது. பந்து பெரிது, விரல்கள் குறுகியவை. வளையம் சேராமல் பந்து நழுவும். அவ்வயதினருக்கு உள்ளங்கைப் பிடியே பொருத்தமானது. புகழ்பெற்ற வீராங்கனை ஒருவர் பிடிக்கும் முறையைப் படத்தில் கண்டு அப்படியே குழந்தையின் கையில் திணிப்பது பயிற்றுநர்கள் அடிக்கடி செய்யும் தவறாகும்.

இளம் வீச்சாளருக்குக் கற்பித்தல்

வேகப்பந்தின் அசைவு நிலைபெறும் முன் இதைத் தொடங்குவதில் பயனில்லை. மாற்றுவேக வீச்சு என்பது ஒரு போலி. எதன் போலியோ அது முதலில் இருக்க வேண்டும். பத்துப் பந்துகளில் ஆறேழையாவது பற்றாளரின் கையுறைக்கு அருகே எறியக்கூடிய நிலை ஒரு நல்ல தொடக்கமாகும்.

முதற்கட்டத்தில் குறி எதுவும் வைக்கப்படுவதில்லை. ஐந்தாறு மீட்டர் தொலைவில் ஒரு வலையோ தொங்கவிடப்பட்ட தடித்த துணியோ போதும். புதிய பிடியுடன், முழு வேகத்தில் கையைச் சுழற்றி, பந்து எங்கு போனாலும் கவலைப்படாமல் எறியச் சொல்ல வேண்டும். இங்கு பயிற்றுநர் பந்தைப் பார்க்கக்கூடாது. கையையும் காலையும் மட்டுமே பார்க்க வேண்டும். பந்து இடம் தவறும்போது "சரியாகப் போடு" என்று கடிந்துகொண்டால், குழந்தை உடனே கையின் வேகத்தைக் குறைத்துப் பந்தை இலக்கில் சேர்த்துவிடும். பயிற்றுநர் மகிழ்வார், ஆனால் கற்பிக்கப்பட்டது மாற்றுவேக வீச்சு அன்று, மெதுவாக எறிதல் மட்டுமே. இப்பழக்கம் ஒருமுறை படிந்துவிட்டால் மாற்றுவது கடினம்.

அடுத்து, தொலைவு படிப்படியாகக் கூட்டப்படுகிறது. பற்றாளர் தம் கையுறையை முழங்கால் உயரத்துக்கும் தாழ்வாகக் காட்ட வேண்டும். இப்பந்து தரையில் பட்டு வருவது மன்னிக்கத்தக்கது. உயரமாக வருவது அன்று. தரையில் விழும் பந்தைத் தடுக்கத் தெரிந்த பற்றாளர் இல்லையேல் எந்த வீச்சாளரும் துணிந்து தாழ எறியமாட்டார். ஆதலால் இருவரையும் சேர்த்தே பயிற்றுவித்தல் நன்று.

மூன்றாவது கட்டமே உண்மையான தேர்வு. பற்றாளருக்குப் பின்னால், வலைக்கு அப்பால், சக வீராங்கனை ஒருவர் நிற்கிறார். வீச்சாளர் வேகப்பந்தையும் மாற்றுவேகப் பந்தையும் தம் விருப்பப்படி கலந்து எறிகிறார். பார்ப்பவர், பந்து கையை விட்டு அகலும் முன் "மெது" என்று சொல்லிவிட்டால் அந்தப் பந்து தோற்றதாகக் கொள்ளப்படும். வேகமானியைவிட இந்த எளிய சோதனை பயனுள்ளது. எதைக் கண்டு பிடித்தாய் என்று பார்த்தவரிடமே கேட்டால், பயிற்றுநர் கவனியாத குறை ஒன்று பெரும்பாலும் வெளிப்படும்.

அவ்வாறு வெளிப்படுபவை அநேகமாக இவையே: முன்வைக்கும் அடி குறுகிவிடுதல், பின்கால் தரையில் இழுபடாமல் நின்றுவிடுதல், உடல் முன்கூட்டியே நிமிர்தல், சுழற்சியின் உச்சியில் கை தயங்குதல், உதட்டைக் கடித்தல் போன்ற முகக்குறிகள். எல்லாவற்றிலும் பொதுவானது, கையுறைக்குள் பிடியை மாற்றும்போது முழங்கை அசைவது. இதற்கொரு எளிய தீர்வு உண்டு. ஒவ்வொரு பந்துக்கும் முதலில் மாற்றுவேகப் பிடியையே பிடித்துக்கொண்டு, வேகப்பந்து எறிவதாயின் அதிலிருந்து மாறிக்கொள்ள வேண்டும். இயல்பான பிடிக்கு மாறுவது விரைவாகவும் அசைவின்றியும் நிகழும்.

இவற்றுக்குச் சில வாரங்கள் போதா. ஒரு பருவம் முழுவதும் ஆகலாம். போட்டியில் எறிந்த முதல் மாற்றுவேகப் பந்தே எல்லைக்கு அப்பால் அடிக்கப்பட்டு, குழந்தை அதன்பின் அதைத் தொடவே மறுப்பதும் உண்டு. தோற்றாலும் பொருட்டில்லாத நட்புமுறை ஆட்டங்களில் முதலில் எறியவிடுவது இதனால்தான்.

எப்போது எறிவது

மட்டையாளர் வேகப்பந்துக்காகக் காத்திருக்கும்போது எறிவதே விதி. முந்தைய பந்தைச் சற்று முந்தி அடித்து வெளிப்பக்கம் அனுப்பியவருக்கு இது பொருந்தும். இரண்டு ஸ்ட்ரைக்குகள் ஆன நிலையிலும், வீச்சாளர் பின்தங்கி மட்டையாளர் பெரிய அடிக்குத் தயாராகும் நிலையிலும் பயன்படும். மாறாக, வேகப்பந்துக்கே மட்டையைத் தாமதமாகச் சுழற்றும் வலுக்குறைந்த மட்டையாளருக்கு இதை எறிவது அவருக்கு உதவி செய்வதாகும். வெளியிலிருந்து பந்து வகையைக் குறிகாட்டும் பயிற்றுநர்கள் இதை மறந்து வீச்சாளரைக் குறைகூறுவது வியப்பானது.

மிதந்து வரும் பந்து முழுவலிமையுடன் நேராகத் திருப்பி அடிக்கப்படலாம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பந்தை விட்டபின் வீச்சாளர் மட்டையிலிருந்து 11, 12 மீட்டர் தொலைவிலேயே நிற்கிறார். எனவே எறிந்த உடனே கையுறையை மார்பருகே கொண்டுவந்து தடுப்புநிலைக்குத் திரும்புதல் வீச்சின் ஒரு பகுதியாகவே கற்பிக்கப்பட வேண்டும். இளம் வீச்சாளர்கள் முகக்கவசம் அணிவது நல்லது.

தோளின் சுமை

கீழ்க்கை வீச்சு இயல்பானது, எனவே எத்தனை பந்து எறிந்தாலும் தீங்கில்லை என்ற நம்பிக்கை நெடுங்காலம் நிலவியது. உயிர்விசையியல் ஆய்வுகள் இதை மறுத்துள்ளன. காற்றாலைச் சுழற்சியில் தோள் மூட்டு தாங்கும் விசை, மேற்கை வீச்சில் தாங்குவதோடு ஒப்பிடத்தக்கதாகவே உள்ளது. தோளின் முன்புறத்தில், இருதலைத் தசையின் நாண் பொருந்துமிடத்தில் வலி தோன்றுவது வழமை. அடிபந்தாட்டச் சிறுவர் போட்டிகளில் வீச்சு எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதுபோல் மென்பந்தாட்டத்தில் பரவலாக இல்லை. ஓர் அணியில் ஒரேயொரு நல்ல வீச்சாளர் இருந்தால் எல்லா ஆட்டங்களையும் அவரே எறிய நேர்கிறது.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் சப்பானின் யுக்கிகோ உவேனோ இரு நாட்களில் மூன்று ஆட்டங்களில் 413 பந்துகளை எறிந்து, இறுதியாட்டத்தில் அமெரிக்காவை 3-1 என வீழ்த்த உதவினார். 2021இல் தம் 39ஆவது வயதில் மீண்டும் தங்கம் வென்றார். முதிர்ந்த வீராங்கனை ஒருவரின் அருஞ்செயல் அது; வளரும் எலும்புகளுக்கு அளவுகோல் அன்று. மாற்றுவேக வீச்சு தோளின் சுமையை நீக்குவதில்லை, ஏனெனில் கை அதே வேகத்தில்தான் சுழல்கிறது. ஆயினும் மணிக்கட்டையும் முன்கையையும் முறுக்கி எறியும் வளைபந்து வகைகளைச் சிறுவயதிலேயே நாடாமல் மட்டையாளரை வெல்ல இது வழிசெய்கிறது.

துடுப்பாட்டத்துடன் ஒப்பீடு

துடுப்பாட்டத்தில் வேகப்பந்து வீச்சாளர்கள் எறியும் மெதுவான பந்தும் இதே கொள்கையினது. 1980களில் மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்த பிராங்க்ளின் ஸ்டீபன்சன் இதற்குப் பெயர்பெற்றவர். விரல்கணுக்களால் பிடிக்கும் முறை அடிபந்தாட்டத்தின் முட்டிப் பிடியை ஒத்தது. 2011 உலகக்கிண்ணத்தில் மார்ச் 20 அன்று சென்னை சேப்பாக்கத்தில் நடந்த ஆட்டத்தில், 81 ஓட்டங்களுடன் நிலைத்து ஆடிய மேற்கிந்தியத் தீவுகளின் டெவன் சிமித்தை சாகீர் கான் இவ்வகைப் பந்தாலேயே வீழ்த்தினார். அதன்பின் அவ்வணி 188 ஓட்டங்களில் சுருண்டது. துடுப்பாட்டத்தில் பந்து தரையில் பட்டு எழுவதால் மட்டையாளருக்குத் திருத்திக்கொள்ள இன்னொரு வாய்ப்புக் கிடைக்கிறது. மென்பந்தாட்டத்தில் அதுவும் இல்லை.

இந்தியாவில்

இந்திய மென்பந்தாட்டச் சங்கம் 1961இல் உருவானது. முதல் தேசியப் போட்டி 1967இல் சோத்பூரில் நடைபெற்றது. பள்ளி, பல்கலைக்கழகப் போட்டிகள் வழியாகவே இவ்விளையாட்டு பரவியுள்ளது. திடலும் கருவிகளும் தடையாகத் தோன்றினாலும் வீச்சுப் பயிற்சிக்குத் தேவையானது ஒரு நேர்கோடு மட்டுமே. திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்கால் போன்ற ஊர்களில் பள்ளித் திடலில் கபடி ஆடுகளம் வரையப்பட்டிருந்தால் அதுவே அளவையும் தந்துவிடும். ஆண்கள் கபடிக் களத்தின் நீளம் 13 மீட்டர், பெண்கள் களத்தின் நீளம் 12 மீட்டர். முன்னது பெண்கள் மென்பந்தாட்ட வீச்சுத் தொலைவுக்கும், பின்னது 12 வயதுக்குட்பட்டோர் தொலைவுக்கும் ஒரு சாண் அளவே குறைவு. ஒரு கடைக்கோட்டில் வீச்சாளரும் எதிர்க்கோட்டில் ஹோம் பிளேட்டும் அமைய, பற்றாளர் அதன் பின்னால் அமரலாம்.